காலில் பிறக்கும் தவறு, கையில் தெரியும்
வாசகர் கேள்வி–பதில்: விளையாட்டும் உடலசைவும்

ஓட்டம், தாண்டல், எறிதல், பந்துவீச்சு ஆகியவற்றை விசை, வேகம், கோணம் என்று பிரித்து அளப்பது பயோமெக்கானிக்ஸ். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பல, “கோணம் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?” என்று கேட்கின்றன. டிகிரியைச் சொல்லிவிடலாம். அது ஏன் கெட்டது என்று தெரிய, அதற்கு இரண்டு அடி முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். பதில்களும் அந்த வழியில்தான் போகின்றன.

எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் கிடையாது. செல்போன் மட்டும் இருக்கிறது. மாணவர்களின் ஓட்டத்தை அதில் ஒழுங்காக அளக்க முடியுமா?
— உடற்கல்வி ஆசிரியர், தேனி மாவட்டம்

முடியும். நேரம், அடியின் நீளம், பக்கவாட்டில் தெரியும் கோணங்கள் மூன்றும் கிடைத்துவிடும். தரையை எவ்வளவு விசையோடு மிதித்தார் என்பது கிடைக்காது. அதற்கு ஃபோர்ஸ் பிளேட் வேண்டும்.

முதலில் ஃப்ரேம் கணக்கு. சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 ஃப்ரேம். முழு வேகத்தில் ஓடும் நல்ல ஓட்டக்காரரின் பாதம் தரையில் இருப்பதே நொடியில் பத்தில் ஒரு பங்குதான். அது வெறும் 3 ஃப்ரேம். பாதம் பதிந்த கணமும் தெரியாது, கிளம்பிய கணமும் தெரியாது. ஸ்லோ மோஷனில் 240 வைத்தால் 24 ஃப்ரேம் வரும். போதும்.

ஆனால் சில போன்கள் 240 என்று போட்டுக்கொண்டு, உண்மையில் அதைவிடக் குறைவாகவே எடுத்து, இடைவெளியைத் தானே இட்டு நிரப்பும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கிரிக்கெட் பந்து போதும். தரையிலிருந்து பந்தின் அடிப்பக்கம் 122.5 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி பிடித்து, கையை விடுங்கள். சரியாக அரை நொடியில் தரையைத் தொடும். கையை விட்டதிலிருந்து தரை தொடும் வரை எண்ணினால் 120 ஃப்ரேம், ஒன்றிரண்டு முன்பின்னாக, வர வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும்போது பந்து ஒன்றில் நின்று அடுத்ததில் தாவினாலோ, இரட்டையாக நிழலாடினாலோ அந்த போனின் 240-ஐ நம்பாதீர்கள்.

போனை வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஓடும் கோட்டுக்கு நேர் குறுக்காக, 12 முதல் 15 மீட்டர் தள்ளி, மாணவரின் இடுப்பு உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்துங்கள். ஓடுபவரோடு சேர்த்துத் திருப்பாதீர்கள். அவ்வளவு தள்ளி எதற்கு? 5 மீட்டரில் வைத்திருக்கும்போது, அளவுகோல் கிடக்கும் கோட்டைவிட மாணவர் 1 மீட்டர் போன் பக்கமாக ஓடிவிட்டால் அவர் உருவம் 25 சதவீதம் பெரிதாகப் பதியும். 1.80 மீட்டர் அடி 2.25 என்று வந்து நிற்கும். 15 மீட்டரில் அதே பிழை 7 சதவீதம்தான். அளவுகோலையும் (2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன் போதும்) அவர் ஓடும் கோட்டிலேயே வையுங்கள், ஓரத்தில் அல்ல.

தோள் முனை, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு முண்டு, முழங்காலின் வெளிப்பக்கம், வெளிக் கணுக்கால் ஆகிய நான்கு இடங்களில் பளிச்சென்ற நிறத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இடுப்பு முண்டைக் கண்டுபிடிக்க, காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பச் சொல்லித் தொட்டுப் பாருங்கள், கைக்கடியில் உருளும். தொளதொள டிராயர்மேல் ஒட்டினால் துணி போகும் இடத்துக்கெல்லாம் இடுப்பும் போகும். காலை வெயிலில், சூரியன் போனுக்குப் பின்னால் இருக்க, எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஸ்லோ மோஷன் கண்சிமிட்டும்.

கோணம் அளக்க கினோவியா என்ற இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸ் கணினி வேண்டும். ஒரே ஃப்ரேமை இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை அளந்து பாருங்கள். உங்கள் இரண்டு அளவுகளுக்கு நடுவிலேயே 3 டிகிரி வித்தியாசம் வந்தால், மாணவரிடம் தெரிந்த 2 டிகிரி முன்னேற்றம் முன்னேற்றமே இல்லை.

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிகத் தூரம் போகும் என்று இயற்பியலில் படித்தேன். நீளம் தாண்டுதலில் மட்டும் ஏன் 20 டிகிரி என்கிறார்கள்? எனக்குத் தாண்டும் பலகைக்கு வரும்போது வேகமும் குறைந்துவிடுகிறது.
— பிளஸ் ஒன் மாணவர், தென்காசி

பாடப்புத்தகத்துப் பந்துக்கு எந்தக் கோணத்திலும் வேகம் ஒன்றே. மனிதனுக்கு அப்படி இல்லை. பலகையில் கால் இருப்பது ஏறத்தாழ 0.12 நொடி. ஓடிவந்த வேகத்தை அதிகம் இழக்காமல் அதற்குள் மேல்நோக்கி எவ்வளவு வேகம் சேர்க்க முடிகிறதோ அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிளம்பும்போது முன்னோக்கி நொடிக்கு 9.5 மீட்டர், மேல்நோக்கி 3.3 மீட்டர். இது உலகத் தரம். கோணம் 19 டிகிரி. உடலின் எடை மையம் கிளம்பும் இடத்தைவிட இறங்கும் இடத்தில் 60 செ.மீ. தாழ்வாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் நேரம் 0.82 நொடி, கடக்கும் தூரம் 7.8 மீட்டர். கிளம்பும்போது உடல் பலகைக்கு முன்னால் நீண்டிருப்பதும், இறங்கும்போது கால் முன்னால் நீள்வதும் சேர்ந்தால் 8 மீட்டர் தாண்டிவிடும். தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்த தூரமும் இந்த வட்டாரம்தான். இதையே 45 டிகிரியில் செய்ய, மேல்நோக்கி 4 மீட்டர் வேகம் கிடைத்தால்கூட முன்னோக்கியும் 4 மீட்டர்தான் இருக்க வேண்டும். தூரம் 3.8 மீட்டர். ஓடிவந்ததே வீண்.

இனி உங்கள் வேகம். பலகையில் குறைகிறது என்றால் பலகையைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய அடிகளைப் பாருங்கள். மண் ஓடுபாதை என்றால் அது வரம். கால்தடம் அப்படியே இருக்கும். தாண்டி முடித்ததும் டேப் பிடித்து, கடைசி மூன்று அடிகளையும் விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து எழுதுங்கள். 2.05, 2.20, 1.98 என்ற மாதிரி வந்தால் சரி: கடைசிக்கு முந்தைய அடி நீள்கிறது, அதில் இடுப்பு சற்றே தாழ்கிறது; கடைசி அடி குறுகி, கால் சீக்கிரம் தரைக்கு வந்து உடலை மேலே அனுப்புகிறது. 2.05, 1.90, 2.25 என்று தலைகீழாக வந்தால் பலகையை எட்டிப் பிடித்திருக்கிறீர்கள். எட்டி வைத்த கால் இடுப்புக்கு வெகுதூரம் முன்னால் விழும், அது பிரேக்.

எட்டிப் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி அடியில் இல்லை, ரன்-அப் தொடக்கத்தில் இருக்கிறது. பலகைக்கு 6 காலடி முன்பு உங்கள் கால் வழக்கமாக விழும் இடத்தில் ஓரமாக ஒரு அடையாளம் வையுங்கள். தாண்டாமல் ஆறு முறை முழு வேகத்தில் ஓடிவாருங்கள். அந்த அடையாளத்தை ஒட்டிக் கால் எங்கே விழுகிறது என்று நண்பர் ஒருவர் குறிக்கட்டும். ஆறும் ஒரு சாண் அகலத்துக்குள் விழுந்து, பலகை மட்டும் தள்ளிப்போனால் தொடங்கும் இடத்தை அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். ஆறும் சிதறினால் நகர்த்திப் பயன் இல்லை. முதல் நான்கு அடிகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கின்றன என்று பொருள். குதித்து நடந்து கிளம்புவதை விட்டு, நின்ற நிலையிலிருந்து ஒரே காலில் கிளம்பப் பழகுங்கள்.

முரளிதரன் எறிகிறார் என்றார்கள். பிறகு சரி என்றார்கள். 15 டிகிரி என்பதன் பொருள் என்ன? விதியை வளைத்தார்களா?
— வாசகர், யாழ்ப்பாணம்

தமிழ்நாட்டுத் தெருக் கிரிக்கெட்டில் இதற்குப் பெயர் ‘மாங்கா’. கல்லெடுத்து மாங்காய் அடிப்பது போல முழங்கையை மடக்கி நீட்டி எறிவது. விதி தடுப்பது அந்த நீட்டலைத்தான், மடங்கிய கையை அல்ல. கை தோள் மட்டத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலைவிட்டுப் போகும் கணம் வரை முழங்கை எவ்வளவு நேராகிறது என்று பார்ப்பார்கள். தொடக்கத்தில் 35 டிகிரி மடங்கியிருந்து, முடிவிலும் 35 என்றால் நீட்டல் சுழியம், பந்து விதிப்படி செல்லும்.

முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நேராகாது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் அவரது பந்துகளுக்கு நோ-பால் கொடுத்தார். அதன்பின் பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் பல கேமராக்கள் வைத்து அளந்தார்கள். மடங்கிய கை தோளிலிருந்து சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நீள்வது போலத் தோன்றும். வீட்டில் ஒரு கம்பியை ‘எல்’ வடிவில் வளைத்து, ஒரு முனையைப் பிடித்து உருட்டி, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் நேராகி நேராகி மடங்கும். கம்பி வளைந்தபடியேதான் இருக்கும். ஒற்றை வீடியோவை வைத்து மாங்கா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

2004-ல் அவரது தூஸ்ரா (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) அளக்கப்பட்டபோது ஏறத்தாழ 14 டிகிரி வந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பின் சுமார் 10. அப்போது சுழற்பந்துக்கு அனுமதி 5 டிகிரி, வேகப்பந்துக்கு 10. ஆனால் அதிவேகக் கேமராவில் மற்றவர்களைப் பார்த்தபோது, கை நேராக இருப்பதாக எல்லோரும் நம்பிய வீச்சாளர்களிடமும் பல டிகிரி நீட்டல் இருந்தது. வெறுங்கண்ணுக்கு நீட்டல் தெரியத் தொடங்குவது 15 டிகிரிக்கு அருகில். அதனால் 2005-ல் ஐ.சி.சி. எல்லோருக்கும் 15 என்று வைத்தது. ஒருவருக்காக வளைத்தது என்பதைவிட, அதுவரை இருந்த எண் அளந்து பார்க்காமல் வைத்த எண் என்பதே சரி. சந்தேகத்துக்குள்ளாகும் வீச்சாளர்களைச் சோதிக்க ஐ.சி.சி. அங்கீகரித்த கூடங்களில் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ளதும் ஒன்று.

என் மகனுக்கு 15 வயது, வலக்கை வேகப்பந்து. பும்ரா மாதிரி போடப் பார்க்கிறான். ஒரு மாதமாக இடுப்புக்கு மேல் இடப்பக்கம் வலி. பின்னால் வளைந்தால் கூடுகிறது. ஆக்‌ஷனை எப்படித் திருத்துவது?
— ஒரு தந்தை, மதுரை

ஆக்‌ஷன் இருக்கட்டும். இன்றோடு பந்துவீச்சை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயது வேகப்பந்து வீச்சாளருக்கு, வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், பின்வளைந்தால் கூடும் வலி என்றால் கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.-யில் தெரியும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீசினால் நூலிழை விரிசல் முழு முறிவாகும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு பார்க்க வேண்டியது இது. முன்கால் ஊன்றும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல 5 மடங்குக்கும் மேல் போகும். அந்தக் கணத்தில் முதுகு ஒரே நேரத்தில் பின்வளைந்தும், பக்கவாட்டில் சாய்ந்தும், முறுக்கியும் இருந்தால் சுமை முழுக்க ஒரு பக்கத்து எலும்பில் இறங்கும். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறு திசையுமாக இருக்கும் கலப்பு ஆக்‌ஷனில்தான் இது மோசமாக நடக்கிறது.

பின்கால் ஊன்றும் ஃப்ரேமை, பையனுக்கு நேர் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் நிறுத்துங்கள். பாதம் கிரீசுக்கு இணையாக இருந்தால் இடுப்பும் தோளும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பாதம் பேட்ஸ்மேனைப் பார்த்தால் நெஞ்சும் பேட்ஸ்மேனைப் பார்க்க வேண்டும். பாதம் பேட்ஸ்மேனைப் பார்க்க, தோள் மட்டும் பின்னால் முறுக்கிக்கொண்டு போனால் கலப்பு. அந்தத் தோள் முறுக்கல் 30 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். இதைத் தோளில் கை வைத்துத் திருத்த முடியாது. பின்கால் பாதம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை முதலில் மாற்றுங்கள். நடந்து வந்து போடுவதில் தொடங்கி, நாலு அடி ஓட்டம், அரை ரன்-அப் என்று பல வாரங்களில் கூட்டுங்கள்.

எவ்வளவு போடுகிறான் என்பது எப்படிப் போடுகிறான் என்பதற்குக் குறைந்ததல்ல. 15 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு ஸ்பெல்லில் (தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில்) 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு. பள்ளி, அகாடமி, ஞாயிற்றுக்கிழமை மேட்ச், வலைப்பயிற்சி எல்லாப் பந்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மூன்று கோச்சுகளுக்கு ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாமல் போவதில்தான் பிள்ளைகளின் முதுகு போகிறது.

பும்ராவின் முழங்கை இயல்பாகவே நேர்கோட்டைத் தாண்டிப் பின்வளையும். அது உடற்கட்டு, பயிற்சியில் வராது. அவருக்கே 2019-ல் கீழ்முதுகில் நுண்முறிவு ஏற்பட்டது, 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது.

என் மாணவி 100 மீட்டரை 13.0 நொடியில் ஓடுகிறார். எண்ணிப் பார்த்ததில் 56 அடி. “காலை நீட்டி வை” என்று சொல்லச் சொல்ல நேரம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.
— தடகளப் பயிற்சியாளர், புதுக்கோட்டை

அடியை எண்ணியது நல்ல காரியம். 100-ஐ 56-ஆல் வகுத்தால் அடி 1.79 மீட்டர். 56-ஐ 13-ஆல் வகுத்தால் நொடிக்கு 4.3 அடி. 2009 பெர்லினில் உசேன் போல்ட் 9.58 ஓடியபோது ஏறத்தாழ 41 அடி: சராசரி 2.44 மீட்டர், நொடிக்கு 4.28 அடி. அடி போடும் வேகத்தில் உங்கள் மாணவி போல்ட்டுக்குக் குறைந்தவர் இல்லை! வித்தியாசம் முழுக்க நீளத்தில். அப்படியானால் நீட்டச் சொன்னது சரிதானே என்று தோன்றும். உயரம் ஒரு பங்கு. மீதி, தரையைத் தொடும் அந்தக் குறுகிய நேரத்தில் எவ்வளவு விசையோடு மிதிக்கிறார் என்பது. பந்து தரையில் ஓங்கி விழுந்தால் தூரம் எம்புகிறதல்லவா, அதுபோல. காலை முன்னால் நீட்டினால் பாதம் இடுப்புக்கு முன்னே தள்ளி விழுந்து ஒவ்வொரு அடியிலும் வேகத்தைத் தின்னும்.

60 மீட்டர் அருகே பக்கவாட்டில் படமெடுத்து, பாதம் தரை தொட்ட ஃப்ரேமில் நிறுத்துங்கள். தரை தொட்ட காலைப் பார்க்காதீர்கள். மற்றொரு முழங்கால் எங்கே இருக்கிறது? ஊன்றிய முழங்காலுக்கு இணையாகவோ முன்னாலோ வந்திருந்தால் நல்லது. இன்னும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால், பின்கால் தாமதமாக வருகிறது. அது வரும்வரை முன்கால் காத்திருந்து நீண்டு விழுகிறது. மருந்து அந்தப் பின்காலுக்கு.

15 செ.மீ. உயரச் சிறு தடைகள் பத்தை வையுங்கள். 20 மீட்டர் ஓடிவந்து அவற்றுக்குள் நுழையட்டும். முழு வேகத்தில் அவர் அடி 1.90 என்றால் 1.70 இடைவெளியில் தொடங்கி, கடைசித் தடைக்குள் 1.90-க்குக் கொண்டு போங்கள். காலைத் தூக்கித் தடையைத் தாண்டியாக வேண்டும் என்பதால் பின்கால் தானே சீக்கிரம் வரும். நான்கைந்து ஓட்டம், நடுவே 4 நிமிட ஓய்வு. களைத்த காலில் இதைச் செய்தால் பழைய தவறுதான் பழகும்.

எங்கள் பெண்கள் வாலிபால் அணியில் ஒரே ஆண்டில் இருவருக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. இறங்கும்போது கவனமாக இருக்கச் சொல்லியும் பலன் இல்லை.
— அணி மேலாளர், ஈரோடு

கவனம் இங்கே உதவாது. பாதம் தரை தொட்டு ஏறத்தாழ 0.05 நொடிக்குள் நார் அறுந்துவிடும். மூளை உணர்ந்து தசைக்குச் சொல்லி அனுப்ப அதைவிட அதிக நேரம் ஆகும். சரியான இறக்கம் முன்பே பழக்கமாகி இருக்க வேண்டும்.

30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து முன்னால் இறங்கி, உடனே உயர எம்பச் சொல்லி, நேர் முன்னாலிருந்து படமெடுங்கள். முழங்கால் அதிகம் மடங்கிய ஃப்ரேமில் இரு முழங்கால்களின் இடைவெளியையும் இரு கணுக்கால்களின் இடைவெளியையும் அளந்து ஒப்பிடுங்கள். முழங்கால்கள் உள்ளே சரிந்து நெருங்குகிறவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவு முழங்காலில் தெரிந்தாலும், பலருக்குப் பலவீனம் இடுப்பின் பக்கவாட்டுத் தசையில். பக்கவாட்டுப் பிளாங்க், ஒற்றைக்கால் ஸ்குவாட், ரப்பர் பட்டையை முழங்காலுக்கு மேல் மாட்டிப் பக்கவாட்டில் நடத்தல், ஓசையில்லாமல் இறங்குதல்: இவற்றை வார்ம்-அப்பிலேயே 20 நிமிடம், வாரம் 2 முறையாவது, சீசன் முழுக்க வையுங்கள். கால்பந்துக்காக வந்த ஃபிஃபா 11 பிளஸ் இந்த அமைப்பில் உள்ளதுதான். வாலிபாலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஈட்டி உயரப் போய் மூக்கு தூக்கி நின்றுவிடுகிறது. கையைத் தாழ்த்தி எறியச் சொல்கிறார் கோச். சரியா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அரைச் சரி. ஈட்டி நோக்கும் திசை ஒன்றும் அது செல்லும் திசை வேறுமாக இருந்தால் காற்று அடியில் மோதி மூக்கைத் தூக்கும். எறியும் கணத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 35 டிகிரி வாக்கில் இருக்கட்டும். ஆனால் கையைத் தாழ்த்தும் முன் இடக்காலைப் பாருங்கள். ஊன்றியதும் முழங்கால் மடங்கினால் இடுப்பு தாழ்ந்து, உடல் பின்தங்கி, கை ஈட்டியைக் கீழிருந்து மேலே தள்ளும். முன்கால் விறைப்பாக நின்றால் ஓடிவந்த வேகம் காலில் நின்று, உடம்பின் மேல்பாதிக்கும் கைக்கும் பாயும். வேகம்தான் தூரம்: நொடிக்கு 25 மீட்டரில் விடுவது 26 ஆனால், காற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் தூரம் 8 சதவீதம் கூடும். நீரஜ் சோப்ராவுக்கு டோக்கியோ தங்கத்தின்போது கோச்சாக இருந்த கிளாஸ் பார்டோனியட்ஸ் பயோமெக்கானிக்ஸ் நிபுணர் என்பதும் தற்செயல் அல்ல.

தினமும் 40 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. சீட் உயரம் எவ்வளவு?
— வாசகர், கோயம்புத்தூர்

பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். முன்பக்க வலி என்றால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அரை சென்டிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். இடுப்பு பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள்.